டிக்கி இல்லாத கார்

அன்று காலை காரில் இருந்தவர்களைச் சொல்கிறேன். ஸ்டியரிங்கில் அப்பா. பக்கத்துச் சீட்டில் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. இரண்டு சீட்டுக்கும் பின்னால் இருந்த பொந்தில் நான். எனக்கும் பின்னால், இருட்டுக்குள், மாமாவின் கித்தான் பை. கேற்றுக்கு வெளியே நின்றது அம்மா. அம்மா வரவில்லை. அது இரண்டு பேருக்குச் செய்த கார்.

எனக்கு அப்போது எட்டு வயது. வயதுக்குச் சின்ன உடம்பு. என்னைக் கூட்டிப்போனதே அதற்காகத்தான்.

காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் செய்தது. அப்பாவை விட வயது கூடியது. கூரை இல்லை. முன்லைட் இரண்டும் பொனெட்டுக்கு மேலே எழும்பி, தவளைக் கண் மாதிரி நிற்கும். வீட்டில் அதைத் தவளை என்றே சொன்னோம். கதவுக்கு வெளியே கைப்பிடி இல்லை. கையை உள்ளே விட்டுத்தான் திறக்கலாம். பின்பக்கம் டிக்கி இல்லை. மூடியே கிடையாது. பின்னால் போய் நின்று பார்த்தால் வழுவழுவென்று தகரம்தான். சாமான் வைப்பதென்றால் சீட்டை முன்னுக்கு மடக்கிவிட்டு, பின்னால் உள்ள குகைக்குள் ஊர்ந்துபோய் வைக்க வேண்டும். ஏன் இப்படிச் செய்தார்கள் என்று அப்பாவைக் கேட்டேன். சிக்கனம் என்றார். வெள்ளைக்காரனுக்கும் சிக்கனம் இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும்.

அப்பாவால் ஊர முடியாது. மாமாவின் தோள் உள்ளே போகாது. நான் போவேன். ஜாக்கி, பம்ப், ஸ்பானர் சுற்றிய துணி, எல்லாம் எங்கே கிடக்கிறது என்று இருட்டில் கையால் தடவியே சொல்வேன். அதில் எனக்குப் பெரிய பெருமை.

கார் அப்பா வாங்கியதில்லை. வெள்ளவத்தையில், எங்கள் ஒழுங்கையில் ஒரு பறங்கிக் கிழவர் இருந்தார். மெல்பனில் இருந்த மகளிடம் போகும்போது, தார்ப்பாயால் மூடிக் கிடந்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னார். இங்கே கிடந்தால் மண்ணாகிவிடும் என்றார். பாதி மண்ணாகித்தான் இருந்தது. உள்ளே கோழி முட்டையிட்டிருந்தது. அப்பா துறைமுகத்தில் கிளார்க். காரைப் பற்றி ஆசை தவிர அவருக்கு வேறொன்றும் தெரியாது. தள்ளிக்கொண்டுவந்து வீட்டுக்குப் பக்கத்தில் ஓடு போட்ட சாய்ப்பில் விட்டார். பிறகு தினமும் போய்ப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகுதான் மாமா வந்தார். கிளிநொச்சியில் டிராக்டர் கராஜில் வேலை செய்தவர். கட்டாரில் வேலை கிடைத்து, விசா வந்து, கொழும்பிலிருந்து பறப்பதற்காக எங்கள் வீட்டுக்கு வந்தார். விமான நிலையத்துக்கு வாடகை வான் வண்டியில், வேறு ஆட்களோடு போனார். களனிப் பாலத்தில் ஆமிக்காரர்கள் மறித்தார்கள். மாமாவின் ஐசியில், அதாவது அடையாள அட்டையில், கிளிநொச்சி விலாசம் இருந்தது. சண்டை நடந்த அந்த வருடங்களில் சந்தேகப்பட அது போதும். மற்றவர்களைப் போகவிட்டு அவரை இறக்கினார்கள். அப்பா பொலிசுக்கும் எங்கள் பகுதி விதானைக்கும் பாதருக்கும் அலைந்து, மூன்றாம் நாள் கூட்டிவந்தார். பிளேன் போயிருந்தது. வேலையும் போயிருந்தது.

அதற்குப் பிறகு மாமா வீட்டை விட்டு வெளியே போகவில்லை. ஒழுங்கை முனையில் இருந்த கடைக்குக்கூட நான்தான் போவேன். அவர் சாய்ப்புக்குள் போனார். தவளையைக் கழற்றினார். மூன்று சீமெந்துப் பைகளை விரித்து அதன்மேல் ஒவ்வொரு துண்டாக அடுக்கினார். பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளுக்கு அப்பா போவார். மாமா படம் கீறிக் கொடுப்பார். அப்பா பிழையான சாமானை வாங்கிவருவார். மாமா அதையே அராவிப் பொருத்துவார். எத்தனை மாதம் என்று தெரியாது. ஒரு நாள் தவளை இருமியது. இன்னொரு நாள் ஓடியது.

அப்பா அதைப் பரீட்சித்துப் பார்க்கக் காலி வீதிக்குக் கொண்டுபோனார். பம்பலப்பிட்டியில் மறித்தார்கள். ஐசியைக் கையில் எடுத்து வைத்திருந்தார். ஆமிக்காரன் அதை வாங்கவே இல்லை. காரைச் சுற்றி வந்தான். எந்த வருடத்தது என்று கேட்டான். மற்றவனைக் கூப்பிட்டு "கெம்பா வகே" என்றான். தவளை மாதிரி என்று. இரண்டு பேரும் சிரித்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

அன்று சாப்பிடும்போது அப்பா மாமாவிடம் சொன்னார்: "மச்சான், அந்தக் காருக்குள்ள இருக்கிறவனை ஒருத்தனும் பாக்கிறானில்லை. காரைத்தான் பாக்கிறான்."

மாமா பிட்டைப் பிசைந்துகொண்டிருந்தார். அம்மா கறிச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மாமாவுக்குக் கட்டாரிலிருந்து இரண்டாம் தரம் விசா வந்திருந்தது. இது போனால் மூன்றாம் தரம் வராது என்று ஏஜென்சியில் சொல்லியிருந்தார்கள். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். எனக்கு மட்டும் சொல்லவில்லை. பிள்ளைகள் வெளியே கதைத்துவிடுவார்கள்.

பழைய கார்க்காரர்கள் கொழும்பில் ஒரு கூட்டமாக இருந்தார்கள். சில ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றுசேர்ந்து எங்காவது ஓடிப்போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். அதற்குத் தலைவர் மாதிரி இருந்தவர் கொட்டாஞ்சேனையில் மருந்தகம் வைத்திருந்த ஒரு கிழட்டுச் சிங்கள டொக்டர். அப்பா பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனையில். சின்ன வயதில் அவரிடம் ஊசி போட்டுக்கொண்டவர். பஞ்சிகாவத்தையில் ஒரு கார்புரேட்டரை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பிடித்து இழுத்தபோது மறுபடி பழக்கமானார்கள். அடுத்த ஓட்டம் நீர்கொழும்புக்கு என்று டொக்டர் சொன்னார். நீர்கொழும்புக்குப் போகும் வழியில்தான் விமான நிலையம். அப்பா தானும் வருவதாகச் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை.

முதல் நாள் சனிக்கிழமை. அப்பா தவளைக்குப் புதிய பற்றரி வாங்கினார். கடைப் பையனே வந்து பூட்டிவிட்டுப் போனான். மாமா அந்த நேரம் உள்ளே. அம்மா அவருடைய சேட்டுகளை அயன் பண்ணி மடிக்க, அவர் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். நான் கதவில் நின்று பார்த்தேன். ஒரு நாள் ஓட்டத்துக்கு எதற்கு இவ்வளவு சேட்டு என்று கேட்டேன். கடற்கரையில் நனைந்துவிடும் என்றார் அம்மா. நான் நம்பினேன்.

ஞாயிறு விடிந்ததும் பையை நான்தான் உள்ளே கொண்டுபோய் வைத்தேன். இன்னும் உள்ளே, இன்னும் உள்ளே என்றார் அப்பா. கடைசித் தகரத்தில் முட்டும்வரை தள்ளினேன். யாராவது கேட்டால் ஸ்பானர் துணியை மட்டும் எடுத்துக் காட்ட வேண்டும் என்றார். அம்மா மாமாவின் நெற்றியில் திருநீறு பூசினார். பிறகு என்ன நினைத்தாரோ, சேலைத் தலைப்பால் தானே துடைத்துவிட்டார்.

கார் கிளம்பியதும் மாமா திரும்பி என்னைப் பார்த்தார்.

"மருமகள், உனக்கொரு வேலை. வழியில எத்தினை செக்பொயின்ட் எண்டு எண்ணிக்கொண்டு வா. பிழை விடக்கூடாது. நான் பிறகு கேப்பன்."

எண்ணினேன். கொட்டாஞ்சேனை போய்ச் சேர முன்னமே ஐந்து. அப்பா சொன்னது சரி. எல்லோரும் காரைத்தான் பார்த்தார்கள். கொள்ளுப்பிட்டியில் ஒருவன் லைட்டைத் தடவிப் பார்த்தான். கோட்டையில் ஒருவன் கதவைத் திறக்கக் கைப்பிடி தேடினான், கிடைக்கவில்லை, வெட்கப்பட்டு விட்டுவிட்டான். மாமா இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். அவருக்குச் சிங்களத்தில் இரண்டு சொல்தான் தெரியும். இரண்டும் விலை கேட்கிற சொல்.

டொக்டர் வீட்டு முற்றத்தில் பழைய கார்கள் நிறைந்து நின்றன. சிவப்பு, கறுப்பு, பால் வெள்ளை. பொனெட் எல்லாம் திறந்திருந்தது. பெரிய மனிதர்கள் குனிந்து ஒருவர் காருக்குள் ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கதைத்தது முழுவதும் வியாதி. இன்னாருடைய கார் எண்ணெய் கக்குகிறது. இன்னாருடையதற்கு மழை வந்தால் இழுப்பு. பேருவளையிலிருந்து வந்த மாணிக்க வியாபாரி ஒருவர் தன் காரைத் தொடவே விடவில்லை. கைக்குட்டையால் தொட்டுக் காட்டினார். எங்கள் தவளையைக் கண்டதும் எல்லோரும் வந்துவிட்டார்கள். அதன் முன்பக்கம், மட்காட் லைட் எல்லாம் சேர்ந்து, ஒரே துண்டாக மேலே எழும்பும். வாயைப் பிளந்த மாதிரி இருக்கும். யார் செய்தது என்று கேட்டார்கள். அப்பா வாயைத் திறக்கப் பார்த்தார். பிறகு, நானும் ஒரு ஆளும் என்றார். மாமா கொஞ்சம் தள்ளி மதிலோடு நின்றார்.

டொக்டருக்குத் தமிழ் தெரியும். ஆனால் அவருடைய தமிழ் முழுவதும் நோயாளிகளிடம் எடுத்தது. தவளையின் வாய்க்குள் தலையை விட்டு, "எங்க நோகுது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்து, "சாப்பிட்டதா? வயித்தால போனதா?" என்றார். நான் அப்பாவின் பின்னால் ஒளிந்தேன்.

புறப்பட முன்பு ஒரு சட்டம் சொன்னார். அது அவர்கள் எப்போதும் வைத்திருக்கும் சட்டமாம். வழியில் ஒரு கார் நின்றால் எல்லாக் காரும் நிற்க வேண்டும். ஒருவரும் தாண்டிப் போகக்கூடாது. கொட்டாஞ்சேனைச் சவ ஊர்வலம் மாதிரி என்றார். அப்பாவும் சிரித்தார். அந்தச் சட்டத்தை அவர் யோசித்துப் பார்த்திருக்கவில்லை.

பாலத்தில் ஆறாவது. மாமாவை முன்பு இறக்கிய இடம். அங்கே நின்றவன் ஹோர்ன் அடிக்கச் சொல்லிக் கேட்டான். அப்பா அடித்தார். அது கரகரவென்று கத்தியது. அவனும் திருப்பிக் கத்திக் காட்டினான். மாமாவின் பின்கழுத்தில் வியர்வை ஓடுவதை நான் பார்த்தேன். வெயில் இன்னும் வரவில்லை.

பேலியகொடையில் ஏழு. அது தாண்டியதும் மாமா டாஷ்போர்டைக் காட்டி, "அத்தான், இந்தச் சிவப்பு லைட் அணையேல்லை" என்றார். நிற்கக் கூடாது என்றார் அப்பா. நின்றால் எல்லோரும் நிற்பார்கள். கந்தானையில் எட்டு. ரப்பர் எரிகிற மணம் வந்தது. வெளியிலிருந்து வருகிறது என்றார் அப்பா. ஜா-எல வந்தது. றோட்டின் குறுக்கே தார்ப் பீப்பாய்களை வளைத்து வளைத்து வைத்திருந்தார்கள். முதல் பீப்பாயைத் தாண்டினோம். இரண்டாவதுக்குப் பக்கத்தில் பொனெட் இடுக்கால் புகை வந்தது. தவளை ஒரு தரம் குதித்தது. நின்றுவிட்டது.

ஒன்பது என்று நான் சத்தமாகச் சொன்னேன்.

அங்கே நின்ற ஆமிக்காரன் வேறு மாதிரி. இளம் ஆள். சிரிக்கவில்லை. காரைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். இறங்கச் சொன்னான். டிக்கியைத் திறக்கச் சொன்னான். டிக்கி இல்லை என்றார் அப்பா. அவன் பின்னால் போனான். தகரத்தைத் தட்டினான். குனிந்து பார்த்தான். விரலால் விளிம்பைத் தடவினான். மூடி இல்லாத காரை அவன் கண்டதில்லை. தன்னை ஏமாற்றுகிறோம் என்று நினைத்திருக்க வேண்டும். முகம் இறுகியது. அப்படியென்றால் சாமான் எங்கே, எடு என்றான்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் உள்ளே போனேன். பை என் முகத்தில் பட்டது. அம்மாவின் அயன் மணம் வந்தது. ஸ்பானர் துணியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். இன்னும் இருக்கிறதா என்று கேட்டான். திரும்பப் போய்ப் பம்பை எடுத்துவந்தேன். இன்னும் என்றான். ஜாக்கி. அதைத் தூக்க முடியாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பின்பக்கமாக ஊர்ந்து, கால் முதலில் வெளியே வந்தேன். முகம் முழுக்க ஒட்டறை. தலையில் பழைய கோழி இறகு ஒன்று. அவன் என்னைப் பார்த்தான். வாயின் ஒரு பக்கம் கொஞ்சம் அசைந்தது. போதும் என்று கையைக் காட்டினான். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

அதற்குள் எங்கள் கூட்டத்துக் கார்கள் எல்லாம் நின்றுவிட்டன. சட்டம். பீப்பாய்களுக்கு இடையில், முன்னும் பின்னும், ஒன்றன்பின் ஒன்றாக. ஒருவரும் தாண்டவில்லை. தொப்பி போட்டவர்கள் எல்லோரும் கைச்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கி வந்தார்கள். காவலரணில் இருந்தவர்களும் வந்தார்கள். கூட்டம் கூடிவிட்டது. கூட்டம் கூடினால் ஐசி கேட்பார்கள். அந்த ஆமிக்காரன் கேட்கத் தொடங்கினான்.

மாமா பொனெட்டைத் தூக்கித் தலையை உள்ளே விட்டிருந்தார். வேறு போக்கிடம் இருக்கவில்லை. டொக்டர் பக்கத்தில் போய்க் குனிந்தார். "எங்க நோகுது?" என்றார். இந்த முறை சத்தமாக இல்லை. கொஞ்ச நேரம் வயர்களைப் பார்த்தார். பிறகு பற்றரியைப் பார்த்தார். நிமிர்ந்து அப்பாவிடம், இதை யார் பூட்டியது என்று கேட்டார். கடைப் பையன் என்றார் அப்பா. டொக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

அந்தக் காலத்து இங்கிலாந்துக் கார்களுக்கு எல்லாம் தலைகீழாம். பற்றரியின் பிளஸ் வயர்தான் கார் உடம்பில் பூட்டப்பட்டிருக்கும். ஜப்பான் கார்களில் மைனஸ். கடைப் பையன் நல்லவன். யாரோ பிழையாகப் பூட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து, மினக்கெட்டு, சரியாக்கிவிட்டுப் போயிருக்கிறான். மாமா பார்த்திருந்தால் உடனே கண்டுபிடித்திருப்பார். அவர் சேட்டு அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஆமிக்காரன் ஒவ்வொருவராக வந்தான். மாணிக்க வியாபாரியின் ஐசி. அப்பாவின் ஐசி. கொட்டாஞ்சேனையில் பிறந்தது, வெள்ளவத்தை விலாசம். இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கொடுத்தான். பிறகு மாமாவின் முதுகில் தட்டினான்.

மாமா நிமிர்ந்தார். இரண்டு கையும் மணிக்கட்டு வரை கறுப்பு. ஐசி சேட்டுப் பையில் இருந்தது. அதன் விளிம்பு எனக்குத் தெரிந்தது. மாமா கையை உயர்த்திக் காட்டினார், அழுக்கு என்று. ஆமிக்காரன் தானே எடுக்கக் கையை நீட்டினான். மாமாவின் நெஞ்சு ஏறி இறங்கவில்லை. அப்படியே நின்றுவிட்டது.

டொக்டர் மாமாவின் முதுகில் உள்ளங்கையை வைத்தார். நோயாளிக்கு வைப்பது போல.

"மூச்சை இழு," என்றார். "ம். விடு."

மாமா இழுத்தார். விட்டார். அதே மூச்சில் டொக்டர் ஆமிக்காரனிடம் சிங்களத்தில் திரும்பினார். "மல்லி, இதைப் பிடி" என்று, தம்பி முறை சொல்லி, ஒரு வயரின் முனையை அவன் நீட்டிய கையில் கொடுத்தார். விட்டுவிடாதே, விட்டால் கார் பற்றும் என்றார். அவன் துவக்கைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு இரண்டு கையாலும் பிடித்தான். டொக்டர் பற்றரி வயர்களைக் கழற்றி மாற்றிப் பூட்டினார். அவசரப்படவே இல்லை. இடையில் ஆமிக்காரனிடம் ஊர் எது என்று கேட்டார். அம்பலாந்தோட்டை என்றான். தாய்க்கு என்ன வருத்தம் என்று கேட்டார். அவன் சொன்னான். மூட்டு வலி. டொக்டர் ஒரு மருந்துப் பெயர் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னார். அவன் வயரைப் பிடித்தபடியே திருப்பிச் சொன்னான். அந்த வயரில் ஒன்றுமே ஓடவில்லை என்று அப்பா பிறகு சொன்னார்.

கடைசியில் இன்னொரு வயரைத் தொட்டு எடுத்தார். பொறி பறந்தது. தள்ளினால் நீர்கொழும்பு வரை ஓடும், ஆனால் ஒரு சின்னச் சாமான் எரிந்துவிட்டது, கட்டுநாயக்காவில் ஒரு கராஜில் இருக்கும், இந்த ஆளைக் கூட்டிக்கொண்டு போய் வாங்கிவருகிறேன் என்று ஆமிக்காரனுக்கும் கேட்கச் சிங்களத்தில் சொன்னார். அவருடைய காரும் இரண்டு சீட்டுத்தான். பக்கத்துச் சீட்டில் அவருடைய மனைவி இருந்தார். டொக்டர் அவரைப் பார்த்தார். மனைவி தொப்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து, தவளையில் மாமாவின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

டொக்டர் என்னைக் கூப்பிட்டார். உள்ளே இருக்கும் மற்ற டூல்ஸ் பையையும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்.

அப்படி ஒரு பை இல்லை. எனக்குத் தெரியும். அந்தக் குகைக்குள் இருந்தது எல்லாம் எனக்குத் தெரியும். இருந்தாலும் போய் மாமாவின் பையை இழுத்துக்கொண்டு வந்தேன். ஆமிக்காரன் பக்கத்தில் நின்றான். எனக்குப் பிழை பொறுக்காது.

"இது டூல்ஸ் இல்லை," என்றேன். "இதுக்குள்ள மாமாவின்ர..."

"நாக்கை நீட்டு," என்றார் டொக்டர்.

நீட்டினேன். கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ, டொக்டர் சொன்னால் பிள்ளைகள் நீட்டுவார்கள். அவர் குனிந்து கவனமாகப் பார்த்தார். என் தாடையைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். நான் நாக்கை நீட்டிக்கொண்டே நின்றேன். மாமா பையை எடுத்து டொக்டரின் காரில் வைத்து ஏறிவிட்டார். ஏறும்போது என்னைப் பார்த்தார். நான் நாக்கை உள்ளே எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லவில்லையே.

"சுகம்," என்றார் டொக்டர். போய்விட்டார்.

மாமா என்னைக் கடைசியாகப் பார்த்தது அப்படித்தான். நாக்கை நீட்டிக்கொண்டு.

தவளையை ஆமிக்காரர்கள் தள்ளி ஓடவைத்தார்கள். அந்த இளம் ஆளும் தள்ளினான். பிறகு சீதுவையில் பத்து. கட்டுநாயக்காவில், விமான நிலையத்துக்குத் திரும்பும் முடக்கில், பதினொன்று. டொக்டரின் மனைவி வழி முழுக்கத் தொப்பியைப் பிடித்தபடி இருந்தார். முடக்கு வந்தபோது மட்டும் தலையைத் திருப்பி அந்தப் பக்கத்து றோட்டைப் பார்த்தார். அப்பா பார்க்கவில்லை. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார். அதற்குப் பிறகு நீர்கொழும்பு வரை ஒன்றும் இல்லை. நான் விரலை மடக்கி வைத்திருந்தேன், மறக்காமல் இருக்க.

நீர்கொழும்பில் கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸ். அப்பமும் கட்டசம்பலும் போட்டார்கள். எல்லோரும் தவளையின் கதையையே திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். சொல்லச் சொல்லப் புகை கூடியது. மாணிக்க வியாபாரி தன் காரும் ஒருமுறை இப்படி நின்றது என்று சொன்னார், ஆனால் அது காரின் பிழை இல்லையாம். அப்பாவை நல்ல மெக்கானிக் என்று யாரோ புகழ்ந்தார். அப்பா தலையாட்டினார். அவருடைய தட்டில் அப்பம் அப்படியே இருந்தது. கேற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நல்ல வெயில் ஏறிய பிறகு டொக்டரின் கார் வந்தது. பக்கத்துச் சீட்டு காலி. சின்னச் சாமான் ஒன்றும் கொண்டுவரவில்லை. கை கழுவினார். ஒரு அப்பத்தை எடுத்தார். அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கடலைப் பார்த்தபடி தமிழில் சொன்னார்.

"காய்ச்சல் விட்டது."

அப்பா எழும்பிக் கடலுக்குப் போனார். சப்பாத்தோடு தண்ணீருக்குள் இறங்கி முகத்தைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். யாருக்குக் காய்ச்சல் என்று நான் டொக்டரின் மனைவியிடம் கேட்டேன். அவருக்குத் தமிழ் தெரியாது. தன் தட்டில் இருந்த முட்டை அப்பத்தை எனக்கு வைத்தார்.

அப்பா டொக்டரிடம் முன்கூட்டி ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார். டொக்டர் எப்படி அறிந்தார் என்று தெரியாது. அவரும் சொல்லவில்லை. பிறகு பல ஞாயிறுகளில் அவர்களோடு போனோம். கார் வியாதி மட்டும்தான் கதைத்தார்கள்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தோம். அம்மா கேற்றில் நின்றார். காலையில் நின்ற அதே இடம். காரைப் பார்த்தார். பக்கத்துச் சீட்டைப் பார்த்தார். அப்பா தலையை மட்டும் அசைத்தார். அம்மா அங்கேயே நிலத்தில் இருந்துவிட்டார். மாமா எங்கே என்று நான் கேட்டேன். வேலைக்குப் போய்விட்டார் என்றார் அப்பா. யாருடைய காரைத் திருத்த என்று கேட்டேன். எனக்குக் கோபம். அவர் கேட்பதாகச் சொல்லியிருந்தார். நான் விரல் மடக்கி எண்ணிவந்தது வீணாகப் போகிறது.

வீணாகவில்லை. சில நாள் கழித்து அப்பாவின் போனுக்கு அழைப்பு வந்தது. அம்மா அழுதழுது கதைத்தார். பிறகு என்னிடம் தந்தார். தூரத்தில் காற்று மாதிரி ஒரு சத்தம். நடுவில் மாமா.

"மருமகள், எண்ணினியே?"

"ஓம்."

"எத்தினை?"

"பதினொண்டு."

அவர் சொன்னார்: "ஒண்டு விட்டிட்டாய், பிள்ளை."

இல்லை, வடிவாக எண்ணினேன் என்றேன். ஒவ்வொரு இடமாகப் பெயர் சொல்லி ஒப்புவித்தேன். எல்லாம் சரி, அதற்குப் பிறகு ஒன்று என்றார். அதற்குப் பிறகு நீர்கொழும்பு வரைக்கும் ஒன்றுமே இல்லை என்று சத்தம் போட்டேன். சிரித்தார். காசு முடிந்து போன் நின்றுவிட்டது. மாமாவுக்கு எண்ணத் தெரியாது என்று அம்மாவிடம் சொன்னேன். பள்ளிக்கூடத்திலும் சொன்னேன். நெடுங்காலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் ஓ.எல். சோதனை பாஸ் பண்ணவில்லை. ஒரு தையல் கடையில் இருந்தேன். பிறகு குவைத்தில் ஒரு வேலை கிடைத்தது. அப்போது சண்டை முடிந்து வருடங்கள் ஆகிவிட்டன. றோட்டில் பீப்பாய்கள் இல்லை. அப்பா என்னை வாடகைக் காரில் கொண்டுபோனார். தவளையை அதற்கு முன்னமே டொக்டரிடம் கொடுத்துவிட்டோம். வழியில் ஒருவரும் மறிக்கவில்லை. ஜா-எலயில் பீப்பாய் இருந்த இடத்தில் தொலைபேசிக் கடை இருந்தது. முடக்கில் திரும்பினோம். அப்பா வாசலோடு நின்றுவிட்டார். உள்ளே போனேன். பெட்டியைக் கொடுத்தேன். வரிசையில் நின்றேன்.

வரிசையின் முடிவில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒருவர் இருந்தார். என் பாஸ்போர்ட்டை வாங்கினார். படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறந்த இடத்தை வாசித்தார். மறுபடி என்னைப் பார்த்தார். அவர் கையில் முத்திரை இருந்தது. அது மேலேயே நின்றது. பார்க்கக் கார் இல்லை. பிடிக்க வயர் இல்லை. முதுகில் கை வைக்க ஆள் இல்லை. மாமாவும் இதே இடத்தில்தான் தனியாக நின்றிருப்பார்.

முத்திரை விழுந்தது.

பன்னிரண்டு.